மூன்று நிமிட ஓய்வா, மூச்சு வாங்கும் சர்க்யூட்டா?

எங்கள் ஜிம்மில் சாயங்காலம் ஆறரை மணிக்கு இரண்டு கட்சிகள் உண்டு. கண்ணாடிப் பக்கம் நிற்பவர்கள் பார்பெல்லில் பெரிய தட்டுகளை மாட்டி ஐந்தாறு ரெப்ஸ், அதாவது ஐந்தாறு முறை, தூக்குவார்கள். அது ஒரு செட். அப்புறம் மூன்று நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பின்கதவுப் பக்கம் இருப்பவர்கள் உட்காரவே மாட்டார்கள். சின்ன டம்பெல், கெட்டில்பெல் என்று ஒன்று முடிந்த கையோடு அடுத்ததுக்குப் போவார்கள், தரையெல்லாம் வியர்வை. இதற்குப் பெயர்தான் சர்க்யூட். "யாருக்கு கலோரி அதிகம் எரியும் மாஸ்டர்?" என்று கேட்டால், அன்றைக்கு எந்தக் கூட்டத்தோடு நிற்கிறாரோ அந்தக் கூட்டத்தையே கைகாட்டுவார் மாஸ்டர். சரி, நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

முதலில் எடையைத் தூக்குவதற்கே எவ்வளவு செலவாகிறது? இதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும். 70 கிலோ உள்ள ஒருவர் 60 கிலோ பாரைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்கிறார், அதாவது குந்தி எழுகிறார். பாரோடு அவருடைய உடம்பிலும் ஏறக்குறைய 60 கிலோ சேர்ந்து மேலே எழும்ப வேண்டும். ஆக 120 கிலோ, அரை மீட்டர் உயரம், பத்து முறை. பெருக்கினால் சுமார் 5,900 ஜூல் வரும். நாம் பேச்சுவழக்கில் சொல்லும் கலோரியில் அது வெறும் 1.4! ஆனால் தசை அவ்வளவு சிக்கனமான இயந்திரம் இல்லை. எரிப்பதில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் வேலையாக மாறும், மீதி சூடாகப் போய்விடும். இறக்கும்போது பிடித்து இறக்குவதற்கும் கொஞ்சம் ஆகும். எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு ஏழெட்டு கலோரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே கணக்கை, முழங்கையை மடக்கித் தூக்கும் பைசெப்ஸ் கர்லுக்குப் போடுங்கள். 10 கிலோ, அரை மீட்டர், பத்து முறை என்றால் ஒரு கலோரியைக்கூடத் தொடாது. கையை வீங்க வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எந்த முறையில் செய்கிறோம் என்ற சண்டைக்கு முன்னாலேயே, எந்தப் பயிற்சியைச் செய்கிறோம் என்பதில் பத்து மடங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் இருக்கின்றன. கால் பயிற்சிக்கான லெக் டே அன்றைக்கு மட்டும் வீட்டில் விசேஷம் வந்துவிடும் நண்பர்கள், எரிப்பதில் பாதியை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

இப்போது முறைக்கு வருவோம். கனமாகத் தூக்குபவரின் ஒரு மணி நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றும் நாலு செட், ஒரு செட்டுக்கு 40 விநாடி. மொத்தம் தூக்கும் நேரம் 13 நிமிடம் சொச்சம். மீதியெல்லாம் ஓய்வு, தண்ணீர், ஃபோன். சர்க்யூட்டில் 40 விநாடி வேலை, 20 விநாடி இடைவெளி என்று அரை மணி ஓட்டினாலே 20 நிமிடம் வேலை ஆகிவிடுகிறது.

ஆராய்ச்சியாளர்கள் உடல் உழைப்புகளை அளப்பதற்கு மெட் என்று ஒரு அலகு வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு மெட். அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. சாதாரணமாக எட்டிலிருந்து பதினைந்து ரெப்ஸ் எடுத்து, ஓய்வெடுத்துச் செய்யும் எடைப்பயிற்சிக்கு அவர்களின் 2011 பட்டியலில் 3.5 மெட். முனைந்து தூக்கினால் 6. கெட்டில்பெல்லோடு இடைவெளி குறைத்துத் தீவிரமாக ஓட்டும் சர்க்யூட்டுக்கு 8. நம் 70 கிலோ ஆளுக்கு மணிக்கு 245, 420, 560 என்று வரும். சும்மா இருந்தாலே எரிந்திருக்கும் 70-ஐ மூன்றிலும் கழித்துவிட வேண்டும். இதை ஜிம் விளம்பரங்கள் கழிப்பதில்லை.

அப்படியானால் சர்க்யூட் ஜெயித்துவிட்டதா? நிமிடக் கணக்கில் சந்தேகமே இல்லை. ஆனால் 8 மெட்டில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பவர் எங்கள் ஜிம்மில் ஒருவர்கூட இல்லை. அரை மணியில் நாக்கு தள்ளிவிடும். சும்மா எரிவதைக் கழித்தால் அரை மணிக்கு 245, நிதானமாகத் தூக்குபவருக்கு ஒரு மணிக்கு 175. நேரம் கையில் இல்லாதவருக்கு இது பெரிய லாபம். நேரம் இருப்பவருக்கு வித்தியாசம் ஒன்றரை இட்லிதான்.

சர்க்யூட் கட்சி இந்த இடத்தில் ஒரு துருப்புச்சீட்டை எடுப்பார்கள்: "ஜிம்மை விட்டுப் போன பிறகும் 38 மணி நேரம் எரிந்துகொண்டே இருக்கும் அண்ணே!" இந்த 38 ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. 2002-ல் வந்த ஒரு ஆய்வில், பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் தள்ளுவது), பவர் கிளீன் (தரையிலிருந்து வேகமாகத் தோளுக்கு ஏற்றுவது), ஸ்குவாட் மூன்றையும் 31 நிமிடம் சர்க்யூட்டாகச் செய்தவர்களுக்கு 38 மணி நேரம் கழித்தும் ஆக்சிஜன் செலவு கூடியே இருந்தது. கலந்துகொண்டவர்கள் ஏழே பேர். தூக்கியதும் பத்து ரெப்ஸுக்கு மேல் எழுப்ப முடியாத எடை. போஸ்டர் அடித்தவர்கள் 38-ஐ எடுத்துக்கொண்டு அந்த எடையை விட்டுவிட்டார்கள். பொதுவாகப் பார்த்தால், பயிற்சிக்குப் பிறகு எரிவது பயிற்சியில் எரிந்ததில் 6 முதல் 15 சதவீதம். 300 கலோரி எரித்தவருக்கு மிஞ்சிப்போனால் 45. வாசலில் சர்க்கரை போட்டு ஒரு காபி குடித்தால் கணக்கு நேராகிவிடும்.

எதிர்க்கட்சியின் துருப்புச்சீட்டும் இதே லட்சணம்தான். "தசை வளர்ந்தால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும்" என்பார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளைக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பே நாலரை எரிக்கிறது. ஒரு வருடம் பாடுபட்டு இரண்டு கிலோ தசை ஏற்றினால் தினம் அரை இட்லிக்கு வழி.

ஆனால் நீண்ட ஓய்வை நான் கேலி செய்ய மாட்டேன். 2016-ல் வந்த ஒரு ஆய்வில், எடைப்பயிற்சியில் பழகிய ஆண்கள் 21 பேரை வைத்து எட்டு வாரம் பார்த்தார்கள். செட்டுகளுக்கு நடுவில் மூன்று நிமிடம் ஓய்ந்தவர்கள், ஒரு நிமிடம் மட்டும் ஓய்ந்தவர்களைவிடப் பலத்திலும் தசையிலும் முந்திவிட்டார்கள். காரணம் எளிது. தசையில் உடனடிச் செலவுக்கு வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் நன்றாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் அடுத்த செட்டில் எடை குறையும். சாப்பாட்டைக் குறைத்து இளைக்கிற ஆளுக்கு இது முக்கியம்: கொழுப்போடு தசையும் போய்விடாமல் காப்பது கனமான எடைதான்.

எனவே நான் நடுவில் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டேன். ஜோடி செட். பெஞ்ச் பிரஸ் முடித்ததும் ஓய்வுக்குப் பதில், எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோயிங்; நெஞ்சு இளைப்பாறும்போது முதுகு வேலை பார்க்கும். அதே எடை, அதே செட், நேரம் மட்டும் முக்கால்வாசி. புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. சர்க்யூட்டை இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கனும் ஆடம்சனும் வகுத்தது 1953-ல். மேலுடம்பு, கீழுடம்பு என்று மாற்றி மாற்றிச் செய்யும் முறையை அமெரிக்காவில் பாப் காஜ்டா 1960-களில் பிரபலமாக்கினார். ஸ்குவாட்டையும், தரையில் கிடக்கும் பாரை நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்ட்டையும் மட்டும் நான் ஜோடி சேர்ப்பதில்லை; இரண்டும் கேட்பது ஒரே இடுப்பை. பிரஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அவசரமாகத் தூக்குவதையும் டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

 

கலோரி காட்டும் கைக்கடிகாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கடிகாரங்களைச் சோதித்தார்கள். நடை, ஓட்டம், சைக்கிள் மாதிரி எளிய வேலைகளிலேயே கலோரிக் கணக்கில் மிகச் சிறந்தது சராசரியாக 27 சதவீதம் தப்பு, மோசமானது 93. எடைப்பயிற்சியில் இன்னும் சிக்கல். பாரை இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்கினால் இதயம் எகிறும், ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறாது. கடிகாரம் துடிப்பைப் பார்த்து ஏமாந்துவிடும்.

ஜோடி செட்டில் ஒரே தொல்லை, ஆறரை மணிக் கூட்டத்தில் இரண்டு இடத்தைப் பிடித்து வைத்தால் சண்டை வரும். அதனால் ஒரு பெஞ்ச், இரண்டு டம்பெல் என்று அதற்குள்ளேயே முடித்துக்கொள்கிறேன். யாராவது தம்பி வந்து, "அண்ணே, இன்னும் எத்தனை செட்?" என்று கேட்டால் "ரெண்டே ரெண்டு" என்பேன். ஜோடியாக எண்ணினால் நாலு வரும் என்பதைச் சொல்வதில்லை.