அகான் எடைக்கற்கள்: உருவமா, வடிவமா? என் ஓட்டு வடிவத்துக்கு

இன்றைய கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் வாழும் அகான் மக்கள் பல நூற்றாண்டுகள் தங்கத்தூளையே காசாகப் புழங்கினார்கள். அதை நிறுக்க வார்த்த சின்னச் சின்னப் பித்தளைக் கற்களைச் சேர்க்க ஆரம்பிக்கும் யாருக்கும் முதலில் வரும் கேள்வி, ஆள், பறவை, முதலை என்று உருவம் உள்ளதை வாங்குவதா, இல்லை சதுரமும் வட்டும் படிக்கட்டுப் பிரமிடுமாக மேலே கோடும் பள்ளமும் செதுக்கிய வடிவக் கற்களை வாங்குவதா என்பதுதான். நான் வடிவக் கற்கள் பக்கம் போனேன், இன்றைக்கு மறுபடி தொடங்கினாலும் அதையேதான் செய்வேன்.

அழகு என்று வந்தால் உருவக் கற்கள்தான், அதில் பேச்சே இல்லை. தலையைத் திருப்பி முதுகைப் பார்க்கும் சங்கோஃபா பறவை, வயிறு ஒன்றாக இருந்தும் சாப்பாட்டுக்காக அடித்துக்கொள்ளும் இரட்டை முதலை, இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு பழமொழி இருக்கும். நிலக்கடலை, வண்டு, நண்டின் கொடுக்கு போன்ற அசல் பொருளையே களிமண்ணில் பொதிந்து சுட்டு, அது சாம்பலான இடத்தில் பித்தளையை ஊற்றி எடுத்தவையும் உண்டு. பழமையில் வடிவக் கற்கள் முந்தியவை. ஏறக்குறைய 1400-லிருந்து வார்க்கப்பட்டவற்றில் பெரும்பங்கு அவைதான், உருவங்கள் பெருகியது அதற்கு வெகுநாள் அப்புறம். விலையும் வடிவத்துக்குத்தான் குறைவு.

என் முடிவைத் தீர்மானித்தது நிறை. இவை எடைக்கற்கள், ஆகவே ஒரு கல் எத்தனை கிராம் என்பதுதான் அதைச் செய்தவருக்கு முக்கியமாக இருந்த விஷயம். வியாபாரம் செய்பவர் ஒவ்வொருவரும் தன் தராசு, கற்கள், தூளை அள்ளும் கரண்டி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாக வைத்திருப்பார், கொடுப்பவர் தன் கல்லில் நிறுத்துக் கொடுத்தால் வாங்குபவர் தன் கல்லில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். மிகச் சிறிய அளவுகளை விதைகளால் கணக்கிட்டார்கள், அதில் ஒன்று நம் ஊர்த் தட்டார்கள் பொன் நிறுக்க வைத்திருந்த அதே குன்றிமணி! பெரிய அளவுகள் வடக்கே சகாரா வழியாக வந்த முஸ்லிம் வணிகர்களின் மித்கால் (சுமார் நாலரை கிராம்), அவர்களுடைய அவுன்ஸ், கடல் வழியாக வந்த போர்த்துகீசிய அவுன்ஸ் (28.7 கிராம்), பிறகு டிராய் அவுன்ஸ் (31.1 கிராம்) என்று அடுத்தடுத்து வந்து சேர்ந்தவை. வார்த்த கல் எடை குறைந்தால் ஈயம் சேர்ப்பார்கள், கூடினால் அரத்தால் ராவுவார்கள் அல்லது ஒரு முனையை உடைத்தே விடுவார்கள். தட்டையான வடிவக் கல்லில் இந்தத் திருத்தம் பளிச்சென்று தெரியும். உருவக் கல்லில் ஒரு கால் உடைந்திருந்தால் அது எடைக்காக உடைத்ததா, கீழே விழுந்து உடைந்ததா என்று சொல்வது கஷ்டம்.

1889-இல் பிரிட்டிஷ் கோல்டு கோஸ்ட் காலனியில் (இன்றைய கானா) தங்கத்தூள் செல்லாக் காசானது. அப்புறம் எடை சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது, ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு விற்பதற்காக வார்ப்பு தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. அப்படி வார்க்கப்படுபவற்றில் உருவங்கள்தான் அதிகம், ஏனென்றால் விற்பது அதுதான். பழைய கற்களைவிடப் பெரிதாகவும், விளிம்புகள் தேயாமலும், அளவுக்கு மீறிய நுணுக்கத்தோடும் இருக்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் எதையும் நிறுத்திருக்காது.

ஒற்றைக் கல்லை மட்டும் நிறுத்துப் பார்த்து நல்லது, போலி என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இத்தனை அளவு முறைகள், அவற்றின் பாதி, கால், இரட்டிப்பு என்று போனால் எந்த கிராமையும் எதனோடாவது பொருத்திவிடலாம், போதாக்குறைக்கு அகான் மக்களில் ஒரு பிரிவான அசாந்திகளின் மன்னரின் கற்கள் ஊரில் புழங்கியவற்றைவிடக் கனமாகவே இருந்தன. அதனால்தான் கூட்டமாக வாங்கச் சொல்கிறேன். நல்ல உருவக் கல் ஒன்றின் விலைக்கு வடிவக் கற்கள் பல கிடைக்கும், அவற்றை நிறை வரிசையில் வைத்தால் ஒன்றின் இரட்டிப்பாக இன்னொன்று, இரண்டையும் சேர்த்தால் மூன்றாவது என்று உறவுகள் தெரிய ஆரம்பிக்கும், எதனோடும் சேராமல் தனித்து நிற்கும் கல் மேல்தான் சந்தேகம் விழும். ஒரே ஒரு பறவையை வாங்கி அலமாரியில் வைத்தவருக்கு இந்தச் சோதனைக்கு வழி இல்லை.

வடிவத்தில் போலியே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். அமிலத்தில் போட்டுக் கறுக்க வைத்ததும் வருகிறது. மெழுகில் செய்ததைக் களிமண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் பித்தளையை ஊற்றும் மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு முறையும் அச்சை உடைத்துத்தான் கல்லை எடுக்க வேண்டும், ஆகவே அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கண்ணில் பட்டால் இரண்டையும் வைத்துவிட்டு வாருங்கள். உயர்ந்த விலை உருவக் கற்களை நான் கையில் எடுத்துப் பார்த்தது குறைவு. தேய்மானத்தையும் களிம்பின் நிறத்தையும் வைத்தே பழசைக் கண்டுகொள்ளும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அந்தக் கண் உங்களுக்கு இருந்தால் என் வாதம் பாதி அடிபட்டுப் போகும்.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பித்தளை என்றதும் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும், தயவுசெய்து வேண்டாம், களிம்போடு சேர்ந்து நிறையும் கொஞ்சம் போய்விடும், விற்கப் போகும்போது அடி பலமாக விழும்.

அலமாரிக்கு ஒன்றே ஒன்று போதும் என்பவர்கள் மனசுக்குப் பிடித்த உருவத்தையே வாங்குங்கள், அதில் தப்பில்லை. ஆனால் பழசு என்று விலை சொன்னால் எத்தனை கிராம் என்று கேளுங்கள், உயரத்தை மட்டும் சொல்லி நிறையைச் சொல்லாதவரிடம் பழசுக்கான விலை கொடுக்காதீர்கள்.