குன்னூர் ரயில் நிலையம்: இறங்கி நின்று பார்க்க வேண்டிய இடம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலில் போய் வந்தவர்கள் பாலங்களையும் குகைகளையும் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். குன்னூர் நிலையம் அவர்களுக்குத் தேநீர் குடிக்கும் இடம், அவ்வளவே. ஆனால் இந்தப் பயணத்தில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அந்த நிலையம்தான்.

1899-இல் பாதை திறக்கப்பட்டபோது குன்னூரே அதன் கடைசி நிலையம். உதகைக்குப் போக வேண்டியவர்கள் இங்கே இறங்கிச் சாலை வழியாகவே மேலே சென்றார்கள்; தண்டவாளம் உதகையை எட்டியது 1908-இல்தான். இன்றும் உதகை செல்லும் வண்டி, நிலையத்துக்குள் வந்த பிறகு நேரே முன்னேறுவதில்லை. சற்றுத் தூரம் பின்னோக்கி வந்து, அதன் பின்னரே மேலேறும் பாதையைப் பிடிக்கிறது. ஒரு காலத்தில் பயணம் இங்கேயே முடிந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றியது.

எஞ்சின் மாற்றுவதையும் அவசியம் பார்க்க வேண்டும். கல்லாறு முதல் குன்னூர் வரை, ஏறக்குறைய 12.5 அடி நகர்ந்தால் 1 அடி உயரும் அளவுக்குச் செங்குத்தான ஏற்றம். அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைப் பற்றிக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுகிறது. அந்தப் பல்சட்டம் குன்னூரோடு முடிகிறது. நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்ட பழைய எஞ்சின்களின் வழியில், திருச்சி பொன்மலைப் பணிமனையும் பின்னாளில் புதியவற்றைச் செய்து கொடுத்திருக்கிறது என்பது நமக்குப் பெருமையான செய்தி.

2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இருந்தும் வண்டி நிற்கும் சிறிது நேரத்தில் இத்தனையையும் பார்த்துவிட முடியாது. அது ஒரு குறையே. ஆகவே குன்னூர் வரை மட்டும் சீட்டு எடுத்து இறங்கி, நிலையத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, உதகைக்குப் பேருந்தில் செல்லுங்கள். முன்பதிவை மிக முன்னதாகவே செய்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் வண்டி அடிக்கடி ரத்தாகும் என்பதால், அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.