மாலேவுக்கு நேரடி விமானமா, கொழும்பு வழியா?

மாலத்தீவுப் பள்ளிகளில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலர் வேலை பார்க்கிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. அவளைப் பார்க்கக் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பியபோது வீட்டில் எழுந்த கேள்விதான் இது. பெங்களூரிலிருந்து நேராக மாலே போவதா, கொழும்பில் விமானம் மாறிப் போவதா? நாங்கள் கொழும்பு வழியாகப் போனோம். அடுத்த முறையும் அப்படித்தான்.

தூரத்தை மட்டும் பார்த்தால் நேரடி விமானத்துக்கே வெற்றி. பெங்களூர் – மாலே நேர்க்கோட்டில் சுமார் 1,100 கி.மீ.; ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். பெங்களூர் – கொழும்பு சுமார் 710, கொழும்பு – மாலே சுமார் 780. ஆகக் கிட்டத்தட்ட 400 கி.மீ. சுற்று. கொழும்பில் காத்திருக்கும் நேரம் தனி. பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரை போகும் அலைச்சல் இரண்டுக்கும் ஒன்றுதான். மாலேயில் இறங்கிய பிறகும் வித்தியாசம் இல்லை. விமான நிலையம் பக்கத்துத் தீவில் இருந்தாலும் 2018-இல் பாலம் வந்துவிட்டதால் டாக்சியிலேயே ஊருக்குள் போய்விடலாம்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்க்கும்போது கவனம் தேவை. இலங்கைக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்று. மாலத்தீவு அரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுகிறார்கள். கொழும்பில் 7 மணிக்குக் கிளம்பி மாலேயில் 8 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், பறப்பது ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது அதே தூரம் இரண்டு மணி நேரமாகத் தெரியும். என் மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு, "வரும்போது எதிர்காற்று போலிருக்கிறது" என்றார்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பெட்டியின் எடை. ராகி மாவு, புளி, குழம்புத் தூள், ஊறுகாய் என்று மகள் அனுப்பிய பட்டியல் நீண்டது. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு பெட்டியே 27 கிலோ. நான் பார்த்த நேரடி டிக்கெட்டில் ஆளுக்கு 20 கிலோ. கொழும்பு வழி டிக்கெட்டில் 30. கூடுதல் கிலோ ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதால், மலிவாகத் தெரிந்த நேரடி டிக்கெட் எங்களுக்கு மலிவாக இல்லை. எடைக்கு இடமிருக்கிறது என்று சாமி சிலைகளை வைத்துவிடாதீர்கள். வழிபாட்டுச் சிலைகளை மாலத்தீவுச் சுங்கம் அனுமதிப்பதில்லை. என் மனைவி மாவுக்குள் செருகியிருந்த பிள்ளையாரை வீட்டிலேயே வெளியே எடுத்தோம்.

இந்த லாபமெல்லாம் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான். பெங்களூர் கவுன்ட்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் மாலேவின் குறியீடான 'எம்.எல்.இ.' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெட்டியை மாலேயில் எடுத்துக்கொள்ளலாம். தனித்தனி டிக்கெட் என்றால் கொழும்பில் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு இலங்கைக்குள் நுழைய அனுமதியும் வேண்டும்.

நாங்கள் போனது மாசி மாதம். வானம் தெளிவாக இருந்தது. மழைக்காலத்தில் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைப் பிடிப்பது எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்ததில்லை. ஆகவே அந்த மாதங்களில் போகிறவர்களும், கைப்பையோடு மட்டும் கிளம்புகிறவர்களும், முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிப் போகிறவர்களும் நேரடி விமானத்தையே பிடிப்பது நல்லது.