போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர்க் கரும்புக்கு யூரியா: தூவலா, புதைப்பா, சொட்டுக் குழாயா?

ஆந்திராவின் சித்தூர், நகரி, எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் கரும்பு போடுகிறவர்களுக்கு உரக்கடையில் பெரிய குழப்பம் கிடையாது. கேட்பது யூரியாதான். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). கிலோ 13 ரூபாய்க்குள் தழைச்சத்து வேறு எதில் கிடைக்கும்? அமோனியம் சல்பேட் 50 கிலோ மூட்டையில் 10 கிலோ சொச்சம்தான் இருக்கிறது, விலையோ பல மடங்கு. கூடவே கந்தகம் கிடைக்கும், சரி. ஆனால் அதற்காக மொத்த உரத்தையும் அதிலேயே போட எனக்கு மனம் வராது. ஆகவே யூரியாவை எப்படிக் கொடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் அளவு. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள, கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சும் இறவைக் கரும்புக்கு எக்டேருக்கு 225 கிலோ தழைச்சத்து, வெல்லம் காய்ச்சும் பகுதிக்கு 175 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு மாற்றினால் சுமார் நாலரை மூட்டை, மூன்றரை மூட்டை. நடவிலிருந்து 30, 60, 90 நாட்களில் மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும். ஏழு மூட்டை கொட்டிவிட்டு, "பச்சை எப்படி ஏறியிருக்கு பாரு மாமா" என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பச்சை ஏறும்தான். ஆனால் அளவுக்கு மேலோ 90 நாளுக்கு மேலோ யூரியா போட்டால் பிந்திய தூர்களும் (பக்கக் கிளைப்புகளும்) கிளம்பும், சாறு மட்டமாகும், கொப்பரையில் பாகு சரியாக இறுகாது, வெல்லம் கருக்கும். மண்டியில் நிறத்தைப் பார்த்துத்தானே விலை சொல்கிறார்கள்!

தூவல்தான் எளிது. ஓர் ஆள், ஒரு கூடை, அரை நாள். ஆனால் ஈரமான மண்ணின் மேல் கிடக்கும் யூரியா முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. வெயில் கடுமையாகவும் மண்ணில் காரம் கூடுதலாகவும் இருந்தால் அது ஆவியாகிக் காற்றோடு போய்விடும். வேம்பு பூசிய யூரியாதானே, போகாது என்பார்கள். வேம்பு தடுப்பது அடுத்த கட்டத்தை: மண்ணில் தங்கும் அம்மோனியம், நைட்ரேட்டாக மாறுவதை அது தாமதப்படுத்துகிறது. மண்ணின் மேலே நடக்கும் இழப்புக்கு அது பெரிய காவல் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கே சில வருடங்கள் ஆயின.

காய்ந்த கரும்புத் தோகை பரப்பிய மறுதாம்பில், அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிரில், இன்னும் மோசம். யூரியாவை உடைக்கும் நொதி தோகையிலேயே இருக்கிறது, யூரியா மண்ணில் சேராமல் மேலேயே கரைந்து பறக்கும். தோகையைக் கொளுத்தாமல் மூடாக்குப் போடுவது ஈரத்துக்கு ரொம்ப நல்லது, அதை விடச் சொல்லவில்லை. யூரியாவைத் தோகைக்குக் கீழே வையுங்கள், அவ்வளவுதான். தோகை மக்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைக் கொஞ்ச காலம் தங்களுக்கே பிடித்து வைத்துக்கொள்ளும். மறுதாம்புக்கு 25 சதவீதம் கூடுதலாக, அதுவும் வெட்டிய முதல் வாரத்திலேயே கொடுக்கச் சொல்வது அங்கே கைகொடுக்கும்.

புதைப்புக்கு ஆள் செலவு அதிகம். பாரின் (கரும்பு வரிசை மேட்டின்) ஓரத்தில் கீறி, உரத்தை வைத்து, மண் மூடி, அப்புறம் அளவாகத் தண்ணீர். வெள்ளமாகப் பாய்ச்சினால் எங்கள் மணல் கலந்த செம்மண்ணில் நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்கிவிடும். சிலருக்கு அந்த நிலத்தடித் தண்ணீர்தான் குடிநீரும் என்பதை மறக்கக்கூடாது. மண் அணைக்கிற வேலையோடு ஒரு தவணையைச் சேர்த்துவிட்டால் கூலி பாதி மிச்சம்.

சொட்டுநீர்தான் என் கணக்கில் முதலிடம், போர் ஒத்துழைத்தால். ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் 1500க்கு மேல் கேட்கும் பயிரை வளர்க்கிறோம். யூரியா முழுதாகக் கரைவதால் வாரம் ஒரு சிறு அளவு வேரடியிலேயே கொடுக்கலாம். ஓட்டும் நேரத்தின் நடுப்பகுதியில் உரத்தை விட்டு, கடைசியில் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர் ஓட்ட வேண்டும். முதலிலேயே விட்டு மணிக்கணக்கில் ஓட்டினால் குழாயிலும் அதே வெள்ளப் பாசனம்தான். உப்பு படிந்து துளை அடைப்பது, அணில் கடிப்பது என்று தொல்லைகள் உண்டு, குழாயில் அமிலம் விட்டுக் கழுவுவதைத் தள்ளிப் போட முடியாது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் கணக்கு வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

நானோ யூரியா? முதலில் வந்த அரை லிட்டர் பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம் தழைச்சத்து. மூட்டையில் 20 கிலோ. இலையில் தெளித்தால் ஏதோ பலன் இருக்கலாம், மூட்டைக்கு மாற்று என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

போரில் தண்ணீர் குறைந்து, குழாய்க்கும் பணம் இல்லாதவர் புதைப்போடு நிற்கலாம். ஆள் கிடைக்காமல் தூவத்தான் வேண்டுமென்றால், சாயங்காலம் தூவி அன்றிரவே தண்ணீர் விடுங்கள், நாளை பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். எங்கள் கழனியில் நடவுப் பயிருக்குக் குழாய், மேட்டுப் பக்க மறுதாம்புக்குப் புதைப்பு. இரண்டிலும் வெல்லத்துக்கான மூன்றரை மூட்டைதான் அடிக்கணக்கு, மறுதாம்புக்கு மட்டும் தோகைக்காக முக்கால் மூட்டை கூட.