கைபேசி வீடியோவா, வகுப்பா?

கதாபாத்திர அனிமேஷன் கற்க ஒரு வழி, நாமே நடித்து, கைபேசியில் படம் பிடித்து, அதைப் பார்த்து வரைவது. செலவே இல்லை. தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கிப் பாருங்கள். குடம் மேலே வருவதற்கு முன்பே முழங்கால் மடங்கும், இடுப்பு ஒரு பக்கம் சாயும், மறு கை தானாக விரியும். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் இதெல்லாம் பிடிபடும். கற்பனையில் வரவே வராது. ஆனால் வீடியோவை அப்படியே நகலெடுத்தால் அசைவு சப்பென்று ஆகிவிடும். எந்தப் போஸை அழுத்த வேண்டும், எதை விட வேண்டும் என்று அது சொல்லாது.

அங்கேதான் வகுப்பு கைகொடுக்கும். 2005-இல் தொடங்கிய அனிமேஷன் மென்டார் போன்ற இணையப் பள்ளிகளில் ஸ்டுடியோ அனுபவம் உள்ளவர்களே நம் ஷாட்டின் மேல் கோடு போட்டுத் திருத்துகிறார்கள். கட்டணம்தான் கனம்.

என்னைக் கேட்டால், பந்து துள்ளல், நடை போன்ற ஆரம்பப் பயிற்சிகள் கைக்கு வரும்வரை வீடியோ எடுத்தே பழகுங்கள். அப்புறம் பணம் கட்டலாம். சேர்ந்த பிறகும் கேமரா முன் நிற்பதை விடாதீர்கள், அங்கேயும் முதல் கேள்வி, “ரெஃபரன்ஸ் (பார்த்து வரைவதற்கான வீடியோ) எடுத்தாயா?” என்பதுதான்.