புரோச் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பட்டுப் புடவைக்கும், ஏற்காட்டுக் குளிருக்குப் போர்த்தும் சால்வைக்கும் பல வருடங்களாக நான் குத்திக்கொள்வது இரண்டு வெள்ளி புரோச்சுகள். ஒன்றில் கார்னெட் கல், இன்னொன்றில் மூன்ஸ்டோன் கல். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் ஆசாரி ஒருவர் செய்து கொடுத்தார். இரண்டும் 92.5 வெள்ளி. சுத்த வெள்ளி சுலபமாக வளைந்துவிடும் என்பதால் மீதி 7.5 சதவீதத்துக்குப் பெரும்பாலும் செம்பு சேர்ப்பார்கள்.

கார்னெட்டில் குறையே இல்லை. நல்ல அடர் சிவப்பு. பின்பக்கம் திறந்துவிட்டுப் பதித்திருப்பதால் வெளிச்சம் புகுந்து கல் ஜொலிக்கிறது. இதையே மூடிப் பதித்தால் கறுப்பாகத் தெரியும். அதனால்தான் பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் பளபளப்பான தகடு வைத்தார்கள். அந்த மாதிரி நகை உங்களிடம் இருந்தால் தண்ணீரில் முக்கவே முக்காதீர்கள், ஈரம் இறங்கினால் தகடு கறுத்துவிடும்.

மூன்ஸ்டோன் கொஞ்சம் செல்லம் கேட்கும். காங்கேயம் பக்கம் கிடைக்கிற கல்தான்; அசைக்க அசைக்க உள்ளே நீல ஒளி நகரும், அதற்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனால் கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் இது 6 முதல் 6.5 தான். தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் துகளோ 7. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, அப்புறம் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஓங்கி அடிபட்டால் பிளந்தும்விடும். சுற்றிலும் வெள்ளிப் பட்டையை மடித்துப் பதித்தது நல்லதாகப் போயிற்று. கல்லைப் பிடிக்க நகம் மாதிரி சிறு கம்பிகள் வைத்துப் பதித்திருந்தால் சால்வையின் கம்பளி நூல் ஓயாமல் மாட்டியிருக்கும்.

சரி, இப்போது பின்பக்கம். மூன்ஸ்டோன் புரோச்சுக்கு முதலில் வெள்ளியிலேயே ஊசி இருந்தது. சால்வையில் குத்திக் குத்தி அது வளைந்து, கொக்கியில் நிற்காமல் போனது. ஆசாரியே ஸ்டீல் ஊசி மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து தொந்தரவு இல்லை. ஊசிக்கு வேண்டியது விறைப்பு, தள்ளினால் திரும்பி வரும் ஸ்பிரிங் குணம். தடிமனும் முக்கியம்: தடித்த ஊசி பட்டில் ஓட்டை போட்டால் அந்த ஓட்டை மறையாது. அப்புறம், ஊசி நடுவில் இல்லாமல் சற்று மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லின் கனத்தில் புரோச் முன்பக்கமாகக் கவிழும். கார்னெட்டில் திறந்த கொக்கிக்குப் பதில் சுழற்றிப் பூட்டும் கொக்கி இருக்கிறது. கூட்டத்தில் யாராவது இடித்தாலும் கழலாது. விலை உயர்ந்த கல் என்றால் இது இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

கறுப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காற்றிலுள்ள கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது, ஈரம் அதை வேகப்படுத்தும். மழைக்காலத்தில் ஏற்காடு போய் வந்தால் துடைத்துக் காயவைத்து, காற்றுப் புகாத கவரில் போட்டுவிடுவேன். கார்னெட் புரோச்சுக்குக் கறுக்காமல் இருக்க ஏற்றியிருந்த ரோடியம் என்ற உலோகப் பூச்சு மேடான இடங்களில் தேய்ந்துவிட்டது. மறுபடி ஏற்ற எனக்கு மனமில்லை. அங்கே வெள்ளி லேசாக மங்கியிருப்பது அந்தச் சிவப்புக்கு எடுப்பாகவே இருக்கிறது.