250 கிராம் கோடு: ஹெராயின் வழக்கில் இரண்டு தண்டனை முறைகள்

இந்தியப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் இரண்டு முறையும் அடுத்தடுத்தே இருக்கின்றன.

இடைப்பட்ட அளவு (5 முதல் 250 கிராம்): 10 ஆண்டு வரை சிறை, குறைந்தபட்சம் கிடையாது. பொட்டலம் சுமந்த கூலியாளா, முதலாளியா என்று நீதிபதி எடைபோடலாம்.

வணிக அளவு (250 கிராமுக்கு மேல்): குறைந்தது 10 ஆண்டு, ஒரு லட்சம் அபராதம். இங்கே எடைபோடுவது தராசு மட்டுமே. 37ஆம் பிரிவால் ஜாமீனும் அரிது.

பெரிய கோளாறு கலப்படத்தில். 2020இல் உச்ச நீதிமன்றம், கலவையின் மொத்த எடையே கணக்கு என்றது. ஆக, 20 கிராம் ஹெராயின் கலந்த 300 கிராம் பொடிக்குப் பத்தாண்டு கட்டாயம். 200 கிராம் சுத்த ஹெராயினுக்குக் கட்டாயமில்லை. கலப்படச் சரக்கைச் சுமக்கும் கடைநிலை ஆளே இதில் சிக்குகிறார். அவருக்காவது நீதிபதியின் கையை அவிழ்த்துவிட வேண்டும்.